கிளாரிந்தாவின் காதல்: ஏடும் நாவலும்

பாளையங்கோட்டையில் பாப்பாத்தியம்மாள் கோயில் என்று ஊரார் சொல்வது ஒரு கிறிஸ்தவ தேவாலயத்தை. குளோரிந்தா ஆலயம் என்றும் அதற்குப் பெயர் உண்டு. 1785இல் ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் அதைப் பிரதிஷ்டை செய்தார். முன்நின்று கட்டியவர் கிளாரிந்தா என்ற மராத்தி பிராமணக் கைம்பெண். அவர் வெட்டிவைத்த கிணறும் பாப்பாத்தியம்மாள் கிணறு ஆயிற்று.

கிளாரிந்தா பிறந்த ஊர் பாளையங்கோட்டை அல்ல. தஞ்சாவூரிலிருந்து லிட்டில்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரியுடன் வந்தவர். பாளையக்காரர்களை அடக்குவதற்காகக் கிழக்கிந்தியக் கும்பினி தன் பட்டாளத்தை இங்கிருந்த கோட்டையில் நிறுத்தியிருந்தது. அந்தக் காலத்தில் கும்பினி அதிகாரிகள் உள்ளூர்ப் பெண்களோடு குடும்பம் நடத்துவது சாதாரணம். தாலியோ மோதிரமோ இல்லாத இந்த உறவுகள் பெரும்பாலும் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. குழந்தையின் ஞானஸ்நானப் பதிவிலோ இறந்துபோன அதிகாரியின் உயிலிலோதான் அந்தப் பெண்கள் தலைகாட்டுவார்கள், அதுவும் பல சமயம் சொந்தப் பெயர் இல்லாமல். கிளாரிந்தாவுக்கோ ஆலயமும் கிணறும் இருக்கின்றன.

லிட்டில்டன் அவருக்கு ஆங்கிலமும் கிறிஸ்தவ போதனையும் கற்றுக்கொடுத்தார். தஞ்சாவூரில் இருந்தபோதே கிளாரிந்தா சுவார்ட்ஸிடம் ஞானஸ்நானம் கேட்டார். மணமாகாமல் ஒருவரோடு வாழும்வரை தர இயலாது என்றார் சுவார்ட்ஸ். மணந்துகொள்வதாக அதிகாரி சொல்லியிருந்தும் கல்யாணம் நடக்கவில்லை. லிட்டில்டன் இறந்த பிறகு, 1778இல் பாளையங்கோட்டைக்கு வந்த சுவார்ட்ஸ் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். கேட்டது துணை உயிரோடு இருக்கையில், கிடைத்தது துணையை இழந்தபின். இதைப் பற்றிக் கிளாரிந்தா என்ன நினைத்தார் என்று சொல்லும் வரி ஒன்றும் மிஷன் குறிப்புகளில் இல்லை.

1780இல் எழுதப்பட்ட சபைப் பதிவேட்டில் 40 பேர் இருந்தார்கள். முதல் பெயர் கிளாரிந்தா. பல சாதியாரும் கலந்திருந்த அந்தச் சிறு சபையிலிருந்துதான் திருநெல்வேலித் திருச்சபை தன் வரலாற்றைத் தொடங்குகிறது. தனக்கென ஆலயம் கட்டியதோடு அவர் நிற்கவில்லை, சபைக்கு ஓர் உபதேசியார் வேண்டுமென்று கேட்டுக்கொண்டே இருந்தார். சுவார்ட்ஸ் சத்தியநாதனை அனுப்பிவைத்தார். 1790இல் சத்தியநாதன் குருப்பட்டம் பெற்றார்.

பாதிரியார் கால்டுவெல் 1881இல் வெளியிட்ட மிஷன் வரலாற்றில் இந்த விவரங்கள் வருகின்றன. சபை வளர்ந்த கதைதான் அவருக்கு முக்கியம். லிட்டில்டனுக்கும் கிளாரிந்தாவுக்கும் இடையே இருந்த அன்பு அதில் ஒரு சங்கடமான முன்குறிப்பு, அவ்வளவே.

அந்த முன்குறிப்பை முழுக் கதையாக்கியவர் அ. மாதவையா. நெல்லைச் சீமையின் பெருங்குளத்தில் 1872இல் பிறந்தவர், உப்பு இலாகா அதிகாரி, ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதியவர். 1915இல் ‘கிளாரிந்தா’ என்ற வரலாற்று நாவலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். அதில் கணவனின் சிதையில் ஏற்றப்படவிருந்த பெண்ணை லிட்டில்டன் மீட்கிறார். மதம், மொழி, நிறம் எல்லாம் வேறான இருவர் ஒருவருக்கு ஒருவர் என்று ஆகிறார்கள். குழந்தை மணத்தையும் கைம்மைக் கொடுமையையும் எதிர்த்தே பேனா பிடித்தவர் மாதவையா. சடங்கு சேர்த்துவைத்த மணத்தைவிட மனம் சேர்த்துவைத்த உறவு மேல் என்று காட்ட இந்த இருவரைவிடப் பொருத்தமான ஜோடி அவருக்குச் சொந்த மாவட்டத்தில் கிடைத்திருக்காது.

சிதை மீட்புக் காட்சியைக் கொஞ்சம் எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். கல்கத்தாவின் ஜாப் சார்னக் ஒரு கைம்பெண்ணை இதேபோல மீட்டு வாழ்ந்தார் என்று அலெக்சாண்டர் ஹாமில்டன் 1727இலேயே எழுதிவிட்டார். கும்பினிக்காரர் காதலுக்கு அது பழகிப்போன தொடக்கம். சென்னை மாகாணத்தில் உடன்கட்டை சட்டப்படி தடைசெய்யப்பட்டது 1830இல்தான் என்பதால், கிளாரிந்தாவின் காலத்தில் அப்படி நடந்திருக்கவே முடியாது என்றும் சொல்வதற்கில்லை.

சரோஜினி பாக்கியமுத்து 1976இல் நாவலைத் தமிழாக்கினார். நாவலின் சிதைக் காட்சி இன்று கிளாரிந்தாவின் வாழ்க்கை வரலாறாகவே சொல்லப்படுவதும் உண்டு. ஞானஸ்நானம், பதிவேடு, ஆலயம் மூன்றும் மிஷன் ஏடுகளிலிருந்து வந்தவை. இருவரும் பேசிக்கொண்டதும் பார்த்துக்கொண்டதும் மாதவையாவின் கற்பனை.