அடிமனையில் கட்டிய வீடு: ஃபிளெக்ஸ் கடந்து வந்த பாதை

2007இல் ஊருக்குப் போயிருந்தபோது, "ஃபிளெக்ஸில் வேலை பார்க்கிறேன்" என்று சொன்னேன். பெரிய மாமா சற்று யோசித்துவிட்டு, "சதுர அடி என்ன ரேட்டுக்குப் போடறீங்க மாப்ளே?" என்று கேட்டார். அடுத்த மாதம் அவர் பேத்திக்குக் காதுகுத்து. அவருக்குத் தெரிந்த ஃபிளெக்ஸ் தெருமுனையில் கட்டும் பேனர். எனக்குச் சோறு போட்ட ஃபிளெக்ஸ், இணையச் செயலிகளைக் கட்டுவதற்கான ஒரு மென்பொருள் சட்டகம். மாமாவின் ஃபிளெக்ஸ் இன்றைக்கும் தெருவில் நிற்கிறது. என்னுடையதை இப்போது வேலைக்குச் சேரும் பிள்ளைகள் பெயர்கூடக் கேள்விப்பட்டதில்லை. துறையின் மலருக்குக் கட்டுரை கேட்டபோது அதைப் பற்றியே எழுதலாம் என்று தோன்றியதற்கு இதுதான் காரணம்.

கதை ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறது. 2002 மார்ச்சில் மேக்ரோமீடியா நிறுவனம் ஃபிளாஷ் எம்எக்ஸை வெளியிட்டது. கூடவே ஜெரமி அலேர் எழுதிய ஒரு வெள்ளை அறிக்கையும் வந்தது. 'ரிச் இன்டர்நெட் அப்ளிகேஷன்' என்ற தொடர் அதில்தான் புழக்கத்துக்கு வந்தது. அன்றைய வலைத்தளத்தில் எதைத் தொட்டாலும் பக்கம் முழுவதும் வெளுத்து, மறுபடி வரையப்படும். ஓட்டலில் அறை பதிவு செய்ய வேண்டுமென்றால் தேதிக்கு ஒரு பக்கம், அறைக்கு ஒரு பக்கம், பணத்துக்கு ஒரு பக்கம். நடுவில் தேதியை மாற்ற நினைத்தால் முதலிலிருந்து வரவேண்டும். கொலராடோவின் பிராட்மூர் ஓட்டல் ஃபிளாஷில் செய்த முன்பதிவுத் திரையைத்தான் மேக்ரோமீடியாக்காரர்கள் போகுமிடமெல்லாம் காட்டினார்கள். நாள்காட்டி, அறைகள், கட்டணம் மூன்றும் ஒரே திரையில். ஒன்றை நகர்த்தினால் மற்றவை தாமே மாறும்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. ஃபிளாஷ் அசைபடம் வரைகிறவர்களுக்காகப் பிறந்த கருவி. அதில் மேடை உண்டு, காலக்கோடு உண்டு, ஃபிரேம்கள் உண்டு. ஜாவா எழுதிப் பழகியவனை அங்கே உட்கார வைத்தால், 'என் நிரலை எந்த ஃபிரேமில் ஒளித்து வைப்பது' என்று முழிப்பான். 2001இல் அலேரின் நிறுவனம் மேக்ரோமீடியாவோடு இணைந்திருந்தது. அதனுடன் கோல்டுஃபியூஷனும் ஜேரன் என்ற ஜாவா சர்வரும் வந்து சேர்ந்தன. குறிச்சொற்களாலேயே செயலியை எழுதும் கோல்டுஃபியூஷன் பழக்கம், ஜாவா சர்வர் அறிவு, உலாவிக்குள் ஃபிளாஷ் கோப்புகளை ஓட்டும் ஃபிளாஷ் பிளேயர் ஆகிய மூன்றும் ஒரே கூரையின் கீழ் வந்ததன் விளைவுதான் ஃபிளெக்ஸ் என்பது என் கணிப்பு. உள்ளுக்குள் அதற்கு வைத்திருந்த பெயர் 'ராயல்'. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும்.

2004 மார்ச்சில் ஃபிளெக்ஸ் 1.0 வெளிவந்தது. திரையை எம்எக்ஸ்எம்எல் என்ற குறிமொழியில் எழுதவேண்டும், நடத்தையை ஆக்‌ஷன்ஸ்கிரிப்டில் எழுதவேண்டும். உலாவி கேட்கும்போது சர்வர் அதைத் தொகுத்து ஃபிளாஷ் கோப்பாக அனுப்பும். காலக்கோடு கண்ணில் படவே படாது. ஆனால் பிளேயரைப் பொறுத்தவரை அதுவும் ஒரு 'படம்'தான். ஒவ்வொரு ஃபிளெக்ஸ் செயலியும் உண்மையில் இரண்டே ஃபிரேம் கொண்ட படம். முதல் ஃபிரேமில் 'ஏற்றப்படுகிறது' என்ற பட்டை, இரண்டாவதில் மொத்தச் செயலி. அசைபடக் கருவிக்குள் அலுவலக மென்பொருளைக் குடியேற்ற இதைவிடச் சாமர்த்தியமான வழி இருந்திருக்க முடியாது. விலைதான் உதைத்தது. சர்வரின் பிராசசர் கணக்கில் ஆயிரக்கணக்கான டாலர் உரிமத் தொகை கேட்டார்கள்; வங்கிகளும் பெருநிறுவனங்களும் வாங்கின. லாஸ்லோ என்ற போட்டிச் சட்டகம் அதே ஆண்டு மூலநிரலைத் திறந்துவிட்டது.

2005 டிசம்பரில் அடோபி மேக்ரோமீடியாவை வாங்கி முடித்தது. சுமார் 340 கோடி டாலர். அடுத்த ஆண்டு ஜூனில் வந்த ஃபிளெக்ஸ் 2தான் எங்கள் தலைமுறையின் ஃபிளெக்ஸ். சட்டகமும் தொகுப்பியும் இலவசம்; எக்லிப்ஸ் என்ற நிரலெழுதும் கருவியின் மேல் கட்டிய ஃபிளெக்ஸ் பில்டருக்கு மட்டும் காசு. அதனுடன் ஃபிளாஷ் பிளேயர் 9 வந்தது, அதற்குள் அடியோடு புதிய மெய்நிகர் இயந்திரம், ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3. பழையதைவிடப் பத்து மடங்கு வரை வேகம் என்று அடோபி சொன்னது. பெருமைக்கு எதையும் சொல்வார்கள் என்றுதான் நினைத்தேன். எங்கள் விற்பனை அறிக்கைத் திரையை மாற்றி எழுதி ஓட்டிப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

அந்த நாட்களில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் முதலில் காட்டியது ஒரு நகர்த்துப் பட்டையும் ஒரு லேபிளும்தான். பட்டைக்கு ஒரு பெயர் வைப்பேன். லேபிளின் உரை இருக்கவேண்டிய இடத்தில் நெளிவு அடைப்புக்குறிக்குள் அந்தப் பெயர், ஒரு புள்ளி, 'வேல்யூ' என்ற சொல். இரண்டே வரி. ஓட்டிப் பட்டையை இழுத்தால் லேபிளில் எண் ஓடும். பையன்கள் சிரிப்பார்கள். அதன்பிறகு தொகுப்பியிடம், 'நீ உள்ளே எழுதிய நிரலை அழிக்காமல் வை' என்று ஒரு கட்டளை கொடுத்து, அது உருவாக்கிய கோப்பைத் திறந்து காட்டுவேன். இரண்டு வரிக்குப் பின்னால் நீளமான ஒரு கோப்பு: பட்டையின் மதிப்பைக் கவனிக்க ஒரு காவலாள், அது மாறியதும் எழும் நிகழ்வு, நிகழ்வைக் கேட்டு லேபிளில் எழுதும் செயற்கூறு. மாயம் எதுவுமில்லை, யாரோ நமக்காக உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள் என்று அவர்களுக்குப் புரியும் அந்த நிமிடம் எனக்குப் பிடித்த நிமிடம்.

இன்னொன்று, பட்டியல். பத்தாயிரம் வரிசை கொண்ட தரவைக் கொடுத்தாலும், திரையில் இருபது வரிசைதான் தெரியும் என்றால் ஃபிளெக்ஸ் ஏறக்குறைய அத்தனை வரிசைப் பொருள்களை மட்டுமே உருவாக்கும். உருட்டும்போது மேலே மறைந்ததை எடுத்துக் கீழே வைத்துப் புதுத் தரவை ஊட்டும். பந்தியில் சாப்பிட்டவர் எழுந்ததும் அதே நாற்காலியில் அடுத்தவர் உட்காருவதைப் போல. இலை மாற்ற மறந்தால் என்ன ஆகும்? நான் மறந்தேன். ஊழியர் பட்டியலில் ஒவ்வொரு வரிசையிலும் ஒரு டிக் பெட்டி வைத்திருந்தேன். டிக் அடித்ததைத் தரவில் குறித்துவைக்காமல் பெட்டியிலேயே விட்டுவிட்டேன். மூன்றாவது ஆளுக்கு டிக் அடித்துவிட்டுக் கீழே உருட்டினால் இருபத்தைந்தாவது ஆளுக்கும் டிக். வாடிக்கையாளர் முன்னால் செயல்விளக்கத்தின்போதுதான் அது தெரிந்தது. நிலை என்பது தரவில் இருக்கவேண்டும், தோற்றத்தில் இருக்கக்கூடாது என்று பிற்பாடு ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் வந்து பாடம் நடத்தியபோது, அந்தப் பாடத்துக்கான கட்டணத்தை நான் முன்பே செலுத்தியிருந்தேன்.

எல்லாமே நன்றாக இருந்தது என்று சொல்லமாட்டேன். ஒற்றைப் பொத்தான் மட்டும் கொண்ட செயலிகூட நூறு கிலோபைட்டைத் தாண்டும். உலாவியின் 'பின்செல்' பொத்தானை அழுத்தினால் செயலியே பறந்துவிடும், நாமாக ஏற்பாடு செய்யாவிட்டால். எடின்பரோவிலிருந்து வந்த கேர்ன்கார்ம் என்ற வடிவமைப்பு முறையை எல்லாரும் வேதமாக ஓதினார்கள். ஒரு பொத்தானுக்கு நாலு கோப்பு எழுதவைத்த அந்த முறையை நான் கடைசிவரை மனதார ஏற்கவில்லை.

தமிழைப் பொறுத்தவரை ஃபிளாஷ் நெடுங்காலம் ஓரவஞ்சனை செய்தது. யூனிகோடு எழுத்துருவைச் செயலிக்குள் பொதித்துவைத்தால், எழுத்துகளை இடம் மாற்றிக் கோக்கும் அறிவு அதற்கு இல்லை. 'செங்கம்' என்று கொடுத்தால் ஒற்றைக் கொம்பு சகரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே தட்டச்சுவதால் அவை தப்பித்தன. 2008 அக்டோபரில் ஃபிளாஷ் பிளேயர் 10 புதிய உரைப்பொறியோடு வந்தது. இந்தியாவின் முக்கிய எழுத்துமுறைகள் அதில் ஒழுங்காக நின்றன. அதைப் பயன்படுத்தும் கூறுகள் ஃபிளெக்ஸ் 4இல்தான் முறையாகக் கிடைத்தன, அதாவது 2010 மார்ச்சில். கொம்பு சரியான இடத்துக்கு வந்தபோது வீட்டையே காலி செய்யச் சொல்லும் காலம் நெருங்கிவிட்டது.

வீடு என்றேன், அதை விளக்கவேண்டும். 2007 ஏப்ரலில் அடோபி ஃபிளெக்ஸைத் திறமூலமாக்கப்போவதாக அறிவித்தது. 2008 பிப்ரவரியில் ஃபிளெக்ஸ் 3 மொசில்லா உரிமத்தில் வந்தது, கணினியில் நேரடியாக ஓடும் ஏர் 1.0உம் கூடவே. மெய்நிகர் இயந்திரத்தையும் 2006இலேயே டாமரின் என்ற பெயரில் மொசில்லாவுக்குக் கொடுத்திருந்தார்கள். ஆனால் பிளேயர் முழுமையாகத் திறக்கப்படவில்லை. கோயில் நிலத்தில் வீடு கட்டிக் குடியிருப்பவர்களைக் கேட்டால் இதன் பொருள் தெரியும். சுவர் நம்முடையது, கூரை நம்முடையது, மனை நம்முடையதல்ல. அடிமனை வாடகை ஒழுங்காகக் கட்டும்வரை யாரும் எதுவும் கேட்பதில்லை. அதனால் தலைமுறை தாண்டி மாடியும் எழுப்பிவிடுகிறோம். அன்று நாங்களும் மாடிதான் எழுப்பிக்கொண்டிருந்தோம். மனையை யாரும் நினைக்கவில்லை.

2010 ஏப்ரல் 29 அன்று ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் ஃபிளாஷைப் பற்றிய தம் பகிரங்கக் கடிதத்தை வெளியிட்டார். பேட்டரி, பாதுகாப்பு, தொடுதிரைக்கு ஒவ்வாத மவுஸ் பழக்கங்கள் என்று அதில் பல குற்றச்சாட்டுகள். ஊரெல்லாம் அவற்றைத்தான் விவாதித்தது. ஆனால் எல்லாவற்றிலும் முக்கியமான காரணம் என்று அவரே சொன்னது வேறு: எங்கள் தளத்துக்கும் நிரலாளருக்கும் நடுவே மூன்றாமவரின் அடுக்கு ஒன்று இருக்கக்கூடாது என்பது. சுருக்கமாகச் சொன்னால் அதுவும் மனைத் தகராறு. கடிதம்தான் ஃபிளெக்ஸைக் கொன்றது என்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. அது ஒரு மனைக்காரர் இன்னொரு மனைக்காரருக்கு எழுதிய நோட்டீஸ். குடியிருந்த எங்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அடுத்த ஆண்டு மே மாதம் ஃபிளெக்ஸ் 4.5 கைபேசிச் செயலிகளுக்கான கூறுகளோடு வந்தது. நாங்கள் ஆவலாகப் படித்துக்கொண்டிருந்தோம். 2011 நவம்பர் 9 அன்று, கைபேசி உலாவிகளுக்கான ஃபிளாஷ் பிளேயரை இனி வளர்க்கப்போவதில்லை என்று அடோபி அறிவித்தது. சில நாளில் அடுத்த அறிவிப்பு: ஃபிளெக்ஸை ஒரு திறமூல அறக்கட்டளையிடம் ஒப்படைக்கிறோம், நீண்டகால நோக்கில் நிறுவனச் செயலிகளுக்கு எச்டிஎம்எல் 5தான் சிறந்தது என்று நம்புகிறோம். அந்த இரண்டாவது வாக்கியம் எங்கள் பிழைப்பில் கை வைத்தது. மறுநாள் காலை வாடிக்கையாளரிடமிருந்து ஒரே ஒரு வரி மின்னஞ்சல்: "இப்ப நாங்க என்ன பண்ணணும்?"

அந்த ஆண்டின் கடைசி நாளில் ஃபிளெக்ஸ் அப்பாச்சி அறக்கட்டளையின் அடைகாப்பகத்தில் சேர்ந்தது. 2012 டிசம்பரில் முழுத் திட்டமாக உயர்ந்தது. பெருநிறுவனங்கள் உடனே ஓடிவிடவில்லை என்பதையும் பதிவு செய்யவேண்டும். விஎம்வேரின் விஸ்பியர் என்ற மெய்நிகராக்க மென்பொருளின் நிர்வாகத் திரை 2012இல் ஃபிளெக்ஸில்தான் இருந்தது. அதை முழுதாகக் கழற்றிப்போட அவர்களுக்கு 2020 வரை ஆயிற்று. அதே 2020 முடிவோடு ஃபிளாஷ் பிளேயரின் ஆயுளும் முடிந்தது. 2021 ஜனவரி 12 முதல் அது எதையும் ஓட்ட மறுத்தது.

இதற்குள் மனையை மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. அடோபியில் ஃபிளெக்ஸ் குழுவில் இருந்த அலெக்ஸ் ஹரூய் அப்பாச்சியில் ஃபிளெக்ஸ்ஜேஎஸ் என்ற முயற்சியைத் தொடங்கினார். எம்எக்ஸ்எம்எல்லும் ஆக்‌ஷன்ஸ்கிரிப்டும் அப்படியே இருக்கும், ஆனால் தொகுத்தால் ஜாவாஸ்கிரிப்ட் வரும், எந்த உலாவியிலும் ஓடும். பழைய சட்டகத்தை அப்படியே பெயர்த்து வைக்க முடியாது. அதன் அடிப்படை வகுப்பு மட்டும் பத்தாயிரம் வரியைத் தாண்டியது. ஒரு லேபிள் வைத்தாலும் இழுத்து வைத்துக் கட்டும் வசதி, கருவிக்குறிப்பு, பாணிகள் என்று அத்தனையும் கூடவே வரும். இங்கே அதைப் பிரித்தார்கள். கூறு என்பது வெறும் சரடு. ஒவ்வொரு திறனும் ஒரு மணி. வேண்டிய மணியை மட்டும் கோத்துக்கொள்ளலாம், கோக்காததற்கு எடை இல்லை. 2017இல் அது தனித் திட்டமாகப் பிரிந்தபோது வைத்துக்கொண்ட பெயர் அப்பாச்சி ராயல். மேக்ரோமீடியாவின் அறைக்குள் பிறக்கும் முன்பே வைத்திருந்த பெயர், ஏறக்குறைய பதினைந்து ஆண்டு கழித்துத் திரும்பி வந்தது.

இக்கட்டுரைக்காகப் பழைய வன்தட்டைத் தேடி எடுத்தேன். புதியவர்களுக்குக் காட்டிய அந்தப் பட்டையும் லேபிளும் ஒரு கோப்புறையில் கிடந்தன. மேலே இருந்த பெயர்வெளி வரியை மாற்றி, குறிச்சொற்களின் முன்னொட்டைத் திருத்தி, ராயலில் தொகுத்து உலாவியில் திறந்தேன். பட்டை வந்தது, லேபிளும் வந்தது. இழுத்தேன். எண் அசையவில்லை. கால்மணி நேரம் விழித்துக்கொண்டிருந்த பிறகுதான் பொறி தட்டியது: பிணைப்புக்கும் இங்கே ஒரு மணி உண்டு, அதை நான் கோக்கவில்லை. ஒரு வரி சேர்த்து மறுபடி தொகுத்து இழுத்தேன். ஓடியது.