கடலுக்கடியில் வெளிச்சம்

பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. ஆனால் பருவமழையில் வெள்ளாற்று முகத்துவாரம் சேறாகக் கலங்கிவிடும். அந்த நீரில் இரவில் ஃபிளாஷ் அடித்தால் மீன் தெரியாது. மிதக்கும் வண்டல்தான் வெள்ளைப் புள்ளிகளாகப் பளிச்சிடும்.

கடலுக்குள் வெளிச்சம் கொண்டுபோக மனிதன் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1893-ல் பிரான்சின் பான்யூல் கடற்கரையில் லூயி பூட்டான் படமெடுக்கத் தொடங்கினார். பீப்பாயின் மேல் கண்ணாடிக் குடுவை வைத்து அதனுள் மெக்னீசியத்தூளை எரித்தார். 1899-ல் மின்விளக்குகளை இறக்கி 50 மீட்டர் ஆழத்தில் படமெடுத்தார். 1926-ல் புளோரிடாவில் லாங்லியும் மார்ட்டினும் மிதவையில் மெக்னீசியத்தூளை வெடிக்கவைத்து, கடலடியில் முதல் வண்ணப் படங்களை எடுத்தனர். அந்த முயற்சியில் லாங்லி தீக்காயம் பட்டார்.

ஆபத்தைத் தீர்த்தவர் அமெரிக்காவின் ஹெரால்ட் எட்ஜெர்டன். 1930-களில் அவர் வளர்த்தெடுத்த மின்னணு ஃபிளாஷ் 1953 முதல் கூஸ்தோவின் கடலாய்வுகளுக்கும் உதவியது. இன்றைய ஸ்ட்ரோப் அதன் வாரிசு.

இரவில் வேறு வெளிச்சமே இல்லை. எனவே ஷட்டர் 1/125 நொடி போதும். படத்தின் பிரகாசத்தை அப்பர்ச்சரும் (எஃப்/8-ல் தொடங்கலாம்) ஸ்ட்ரோப்பின் வலிமையும் தூரமும் தீர்மானிக்கும். வண்டல் பளிச்சிடாமலிருக்க ஸ்ட்ரோப்பைக் கேமராவிலிருந்து பக்கவாட்டில் தள்ளி வைத்து, மீனை நெருங்க வேண்டும். வெள்ளம் பெருகிய வெள்ளாற்றில் அதுவும் பலிக்காது; நீர் தெளியும்வரை காத்திருப்பதே வழி.