நின்றுகொண்டே பேசும் கூட்டமும் இரவு எட்டரை மணியும்

போன மாதம் அப்பா கோவில்பட்டியிலிருந்து நீலசந்திராவுக்கு வந்திருந்தார். நான் பெங்களூர் வந்து இத்தனை வருடமாகியும் என்ன வேலை பார்க்கிறேன் என்று அவருக்கு முழுசாகப் புரிந்ததில்லை. கேட்பவர்களிடம் "பொட்டி தட்டுறான்" என்று சொல்வதோடு சரி. ஒரு சாயங்காலம் நான் மடிக்கணினி முன்னால் நின்றபடி பேசுவதைப் பார்த்துவிட்டு, "ஏன்டா, உக்காந்து பேசுனா கம்பெனியில திட்டுவாங்களா?" என்றார். சிரித்துவிட்டேன். ஆனால் பதில் சொல்லப் போனால் அது ஐம்பது வருடக் கதை. இந்தக் கேள்வி நம்மவர் பல வீடுகளில் இருக்கும் என்பதால் எழுதி வைக்கிறேன்.

1970இல் வின்ஸ்டன் ராய்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஒரு கட்டுரை எழுதினார். தேவைகளை எழுது, வடிவமை, நிரல் எழுது, சோதனை செய் என்று படிப்படியாக இறங்கும் ஒரு படம் அதில் இருந்தது. பின்னால் இதற்கு 'வாட்டர்ஃபால்' என்று பெயர் வந்தது. வேடிக்கை என்னவென்றால், இப்படியே செய்தால் ஆபத்து என்று அதே கட்டுரையில் ராய்ஸே எச்சரித்திருந்தார். உலகம் படத்தை எடுத்துக்கொண்டு எச்சரிக்கையை விட்டுவிட்டது.

பெங்களூருக்கு அந்தப் படம் வசதியாகவும் இருந்தது. 1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் இங்கே வந்தது. அதன் பிறகு வளர்ந்த நம் தொழிலின் அடிப்படையே வாடிக்கையாளர் கண்ணெதிரே இல்லை என்பதுதான். முகம் தெரியாதவர்களுக்கு நடுவே நம்பிக்கை வேண்டுமென்றால் காகிதம் வேண்டும். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மென்பொருள் பொறியியல் நிறுவனம் வகுத்த சி.எம்.எம். தர அளவுகோலில் ஐந்தாம் நிலையைப் பிடிக்க 1990களில் இங்குள்ள நிறுவனங்கள் போட்டி போட்டன. தடித்தடியான ஆவணங்களைக் கிண்டல் செய்வது இன்று சுலபம். ஆனால் நம்மில் பலருடைய முதல் சம்பளம் அந்த நம்பிக்கையில் வந்ததுதான்.

இதே சமயத்தில் அமெரிக்காவில் வேறொன்று நடந்தது. கிரைஸ்லர் கார் நிறுவனத்தின் சம்பளப் பட்டியல் மென்பொருளில் கென்ட் பெக் புது முறைகளை முயன்றார். இரண்டு பேர் சேர்ந்து நிரல் எழுதுவது, சோதனையை முதலில் எழுதுவது, வாடிக்கையாளரைக் குழுவோடு உட்கார வைப்பது. 1999இல் அவர் எழுதிய 'எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங்' புத்தகம் இவற்றைப் பரப்பியது. அதற்கு முன்பே ஜெஃப் சதர்லேண்டும் கென் ஷ்வாபரும் 'ஸ்க்ரம்' முறையை உருவாக்கியிருந்தார்கள். 2001 பிப்ரவரி 11 முதல் 13 வரை யூட்டா மாநிலத்தின் ஸ்னோபேர்ட் பனிச்சறுக்கு விடுதியில் 17 பேர் கூடினார்கள். 'அஜைல்' என்ற பெயரும் அதன் அறிக்கையும் அங்கேதான் பிறந்தன. செயல்முறையைவிட மனிதர்கள், ஆவணத்தைவிட ஓடுகிற மென்பொருள், ஒப்பந்தப் பேரத்தைவிட வாடிக்கையாளரோடு கூடி வேலை செய்தல், திட்டத்தைவிட மாற்றத்துக்கு இடம் கொடுத்தல். சாரம் அவ்வளவுதான். தினமும் 15 நிமிடக் கூட்டத்தை நின்றுகொண்டே நடத்துவதும் இந்த வழியில் வந்ததே. கால் வலித்தால் பேச்சு நீளாது :-)

எங்கள் கீழ் போர்ஷனில் கிருஷ்ணகிரிப் பக்கத்து மேஸ்திரி அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவரிடம் இதைச் சொன்னபோது, "இதுல என்ன தம்பி புதுசு? வீட்டுக்காரர் தினம் சாயங்காலம் வந்து பாப்பாரு. ஜன்னல் இங்க வேணாம்பாரு. சுவர் எழும்புறதுக்கு முன்னாடி சொன்னா சரி" என்றார். ஆனால் என் வீட்டுக்காரர் அட்லாண்டிக்குக்கு அப்பால் இருக்கிறார். தினம் சாயங்காலம் அவர் எப்படி வருவார்?

இந்தச் சிக்கலை நேராகச் சந்தித்தவர்களில் தாட்வொர்க்ஸ் நிறுவனத்தின் பெங்களூர் அலுவலகமும் ஒன்று. ஸ்னோபேர்டில் இருந்த 17 பேரில் ஒருவரான மார்ட்டின் ஃபௌலர் அந்த அனுபவத்தைக் கட்டுரையாக எழுதி, 2006இல் திருத்தி வெளியிட்டார். அங்கிருந்து ஒருவர் இங்கே, இங்கிருந்து ஒருவர் அங்கே என்று தூதர்களை அனுப்புங்கள். அடிக்கடி கட்டமைத்து ஓட விட்டுக் காட்டுங்கள். தூரத்தில் இருந்தால் ஆவணம் கொஞ்சம் கூடுதலாகவே தேவைப்படும் என்றெல்லாம் சொல்கிறார். எனக்கு உறைத்தது வேறொன்று. மேலதிகாரியிடம் கேள்வி கேட்காத, பிரச்சினையைச் சொல்லாத பழக்கத்தை மாற்றுவது லேசான வேலையில்லை என்கிறார்.

என்னைப் பற்றியே எழுதியது போலிருந்தது. சில வருடங்களுக்கு முன் நான் இருந்த குழுவில் நின்றபடி பேசும் கூட்டம் அவர்களுக்குக் காலை 10 மணிக்கு. குளிர்காலத்தில் அது நமக்கு இரவு 8.30. மகளுக்குக் கதை சொல்லித் தூங்க வைக்கும் நேரம். 15 நிமிடம் என்பார்கள். டமேஜர் புண்ணியத்தில் ஒரு மணி நேரம் ஓடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை "எதை மாற்றலாம்?" என்று கேட்பதற்கென்றே ஒரு கூட்டமும் உண்டு. இரண்டு வருடம் அதில் "எல்லாம் நன்றாகப் போகிறது" என்றே சொல்லி வந்தேன். கென்ட் பெக்கின் அந்த 1999 புத்தகத்தில் வாரம் 40 மணி நேர வேலை என்பதும் ஒரு விதி. மற்ற விதிகளை எங்களுக்குப் பாடம் எடுத்தவர்கள் இதை மட்டும் ஏனோ விட்டுவிட்டார்கள். நாங்களும் கேட்கவில்லை.

ஒரு நாள் மகள் தன் அம்மாவிடம், "அப்பா நின்னுட்டு இருக்காங்க, நீங்களே கதை சொல்லுங்க" என்று சொன்னது காதில் விழுந்தது. அடுத்த கூட்டத்தில் தொண்டை வறள விஷயத்தைச் சொன்னேன். எதிர்முனையில் சில நொடி மௌனம். பிறகு அங்கிருந்த பெண்மணி, "இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை? உங்களுக்கு இரவாகிவிடுகிறது என்று தெரியும், பழகிவிட்டது என்று நினைத்தோம்" என்றார். ஒரு வாரம் அவர்கள் காலை 8 மணிக்கு வருவது, அடுத்த வாரம் நாங்கள் இரவில் நிற்பது என்று முடிவானது. எங்களுக்கு மாலை 6.30.

எல்லாம் கேட்டுவிட்டு அப்பா சொன்னார்: "இத ரெண்டு வருசம் முன்னாடியே கேட்டிருக்கலாம்லடா?"

கேட்டிருக்கலாம். உங்கள் வீட்டில் இன்றிரவு யாராவது மடிக்கணினி முன்னால் நின்றுகொண்டிருந்தால், அவர்களிடமும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.