திருப்பத்தில் எழும் ஓசை

நேர்ச்சாலையில் மௌனமாக ஓடும் கார், திருப்பம் வந்தவுடன் மட்டும் முனகுகிறது, அல்லது கடகடக்கிறது என்ற முறையீட்டைச் செய்யாற்றங்கரையில் உள்ள கலசப்பாக்கத்து மெக்கானிக்கிடமும் கேட்கலாம், பட்டுக்குப் பேர்போன ஆரணியிலும் கேட்கலாம். இக்குறை மோட்டார் யுகத்தோடு பிறந்தது என்று எண்ணுவோர் பலர். ஆனால், சக்கரம் பூண்ட வாகனம் எதுவாயினும் அதற்குத் திரும்புவதே கஷ்டமான காரியம் என்பதையும், அக்கஷ்டத்தைத் தீர்க்க ஒவ்வொரு தலைமுறையும் கண்ட உபாயம் ஓசையை அடியோடு ஒழிக்காமல் வேறோரிடத்துக்கு மாற்றி வைத்ததே என்பதையும் சரித்திரம் நமக்குக் காட்டுகிறது.

கஷ்டத்தின் காரணம் எளியது. வாகனம் வளையும்போது வெளிப்புறச் சக்கரம் கடக்கும் தூரம் அதிகம். உட்புறச் சக்கரம் கடப்பது குறைவு. கார்த்திகை தீபத் திருவிழாவின் ஏழாம் நாளன்று திருவண்ணாமலை மாட வீதிகளில் உலாவரும் தேர்களைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். முன்சக்கரங்களைத் தனியே திருப்பும் வசதி மரபுவழித் தேருக்கு இல்லாமையால், வடம் பிடிப்போரின் இழுப்பாலும் முட்டுக்கட்டை போடுவோரின் சாமர்த்தியத்தாலும் சக்கரங்கள் தரையோடு உராய்ந்து பக்கவாட்டில் நகர்ந்தே தேர் முனை திரும்ப வேண்டும். அப்போது மரம் முழுதும் அலறுவது இயல்பு. மாட்டுவண்டிக்கோ இத்துன்பம் இல்லை. அதன் இரு சக்கரங்களும் அச்சின் முனைகளில் தனித்தனியே சுழல்வதால், ஒன்று விரையவும் மற்றது தயங்கவும் தடையில்லை. வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்த மசகு சக்கரக் குடத்தில் வற்றினால்தான் அது கிரீச்சிடும்.

நாலு சக்கரக் கோச்சு வண்டிக்கு வழி கண்டவர் ம்யூனிக் நகரத்து வண்டித் தச்சர் லாங்கென்ஸ்பெர்கர். இரு முன்சக்கரங்களும் வெவ்வேறு கோணத்தில் திரும்பும்படி அவர் அமைத்த முறைக்கு, லண்டனில் அவருடைய பிரதிநிதியாயிருந்த ஆக்கர்மன் 1818-ல் காப்புரிமை பெற்றார். கண்டவர் பெயர் மறைந்து, பதிவு செய்தவர் பெயரே நிலைத்தது. உந்தித் தள்ளும் சக்கரங்கள் இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல உதவும் டிஃபரன்ஷியலை, பிரான்ஸ் தேசத்துப் பெக்கர் என்பவர் 1820-களின் பிற்பகுதியில் வகுத்தார். இவை மோட்டாருக்கு முன்னரே தோன்றியவை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். சென்னையில் 1840-ல் தொடங்கிய சிம்ப்சன் கம்பெனி கோச்சு வண்டிகளைச் செய்து பழகி, 1903-ல் நீராவிக் கார் ஒன்றைக் கட்டியதும் அந்தத் தொடர்ச்சியே.

1950-களின் இறுதியில் கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவிலிருந்து வெளிவந்த அம்பாசடரில் பின்சக்கரங்கள் உந்தின. முன்சக்கரங்கள் திரும்ப மட்டும் செய்தன. ஆகவே திருப்பத்து ஓசைக்கு அதில் காரணங்கள் சிலவே: முன்சக்கர முளைகளில் கிரீஸ் வற்றிய கிரீச்சொலி, தேய்ந்த பேரிங்கின் ஹூங்காரம், பின்னாலுள்ள டிஃபரன்ஷியலின் உறுமல். கிரீஸ் கன்னை எடுத்து நிப்பிள்தோறும் கிரீஸ் ஏற்றுவதே பாதிச் சிகிச்சை. தறியின் ஓசை மாறியவுடன் இழை அறுந்ததை அறியும் நெசவாளியைப் போல, அக்காலத்து மெக்கானிக் காதாலேயே நோயை நிதானித்தார்.

1983 டிசம்பர் 14-ல் முதல் மாருதி 800 காரின் சாவி ஒப்படைக்கப்பட்டபின், இழுப்பதும் திரும்புவதுமாகிய இரு வேலைகளும் முன்சக்கரத்தின் மேலேயே விழுந்தன. வளைந்த நிலையிலும் சீரான வேகத்தில் சுழற்சியைக் கடத்தும் மூட்டை, ஃபோர்டு நிறுவனப் பொறியாளர் ஸெப்பா 1920-களிலேயே உருக்குக் குண்டுகளைக் கொண்டு அமைத்திருந்தார். பட்டறைகளில் சி.வி. ஜாயிண்ட் என்று வழங்குவது இதுவே. அதைப் போர்த்தியுள்ள ரப்பர் பூட் கிழிந்தால் கிரீஸ் வெளியேறும், புழுதி உட்புகும், குண்டுகள் ஓடும் பள்ளங்கள் தேயும். அதன்பின் ஒவ்வொரு கூர்மையான திருப்பத்திலும் “டக் டக்” என்ற ஒலி எழும்.

இதனைக் கண்டறியும் முறையும் கடினமன்று. திறந்த வெளியில் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து வண்டியை மெதுவாக வட்டமிடச் செய்க. இடப்புறம் ஒடிக்கையில் தட்டினால் பெரும்பாலும் வலப்புற ஜாயிண்டே குற்றவாளி; வலப்புறமாயின் இடப்புறம். நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கைத் திருப்பும்போது கிரீச்சிட்டால் முன்சக்கரத்தைத் தாங்கும் ஸ்ட்ரட்டின் மேல் பேரிங்கையும் பால் ஜாயிண்டையும் சோதிக்க வேண்டும். வேகத்தோடு வளரும் முனகல், ஸ்டியரிங்கைச் சற்று ஒரு புறம் சாய்க்கையில் கூடினால், மறுபுறத்துச் சக்கர பேரிங்கைச் சந்தேகிக்கலாம். ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியில் முழு ஒடிப்பில் முனகல் கேட்டால் முதலில் எண்ணெயின் அளவைப் பார்ப்பதே விவேகம்.

பூட் மட்டும் கிழிந்து, ஓசை எழாத நிலையில் கண்டால், புதிய பூட்டும் கிரீஸுமே போதும். ஓசை எழுந்தபின் ஜாயிண்டையே மாற்ற வேண்டியதாகும். ஆகையால், ஓசைக்குக் காத்திராமல், சர்வீஸுக்கு வண்டி ஏறும்போதெல்லாம் முன்சக்கரத்தின் உட்புறத்தில் கிரீஸ் சிதறியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்வது, காருடைய ஒவ்வொருவரும் மேற்கொள்ள வேண்டிய சிக்கனமாகும்.