வெள்ளைக் கொடிகளும் விருத்தாசலத்து மதிலும்: 1751 குறித்த ஓர்மின் வாசிப்புக்கு ஒரு மறுப்பு

கர்நாடகப் போர்களைப் பற்றி நாம் இன்று சொல்லிக்கொண்டிருக்கும் கதையில் பெரும்பகுதி ராபர்ட் ஓர்ம் சொன்ன கதைதான். 1728-ல் அஞ்சுதெங்கில் பிறந்து, 1754 முதல் 1758 வரை சென்னை ஆலோசனைச் சபையில் இருந்தவர் அவர். இந்தியாவில் பிரிட்டிஷார் நடத்திய போர்களைப் பற்றிய அவருடைய வரலாற்று நூலின் முதல் தொகுதி 1763-ல் வெளிவந்தது. கிளைவின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய மால்கம் முதல் நம் பள்ளிப் பாடநூல்கள் வரை பின்னால் வந்த எல்லாரும் அவர் வெட்டிய வாய்க்காலிலேயே தண்ணீர் பாய்ச்சினார்கள். அவர் தந்த தகவல்களில் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை. அவற்றை அவர் கோத்த விதத்தில்தான் சந்தேகம். 1751-ல் விருத்தாசலத்தில் நடந்தவற்றை அவரே சொல்லியிருக்கும் விவரங்களைக்கொண்டு மறுபடி அடுக்கிப் பார்த்தால், அவருடைய முடிவு நிற்காது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஓர்மின் வாசிப்பைச் சுருக்கமாகச் சொன்னால் இது: பிரெஞ்சுக் கவர்னர் டியூப்ளே ஆங்கிலேயரைச் சீண்டினார், ஆங்கிலேயர் ரோஷம் கொண்டு எழுந்தனர், அதிகாரிகளின் தடுமாற்றத்தாலும் படைவீரரின் பீதியாலும் முதலில் தோற்றனர், பிறகு கிளைவ் ஆர்க்காட்டைப் பிடித்துத் தேசத்தின் மானத்தைக் காத்தார். மானம், கோழைத்தனம், வீரம் என்ற மூன்று கால்களில் நிற்கும் கதை இது. விருத்தாசலம் இதில் வழியில் வரும் ஓர் ஊர். கோயிலைப் பிடித்தார்கள், காவல் வைத்தார்கள், பிறகு மீட்டார்கள், திரும்பும் வழியில் கிளைவ் உயிர் தப்பினார். அவ்வளவே.

கொடி நட்ட வயல்கள்

ஓர்மின் கதை தொடங்கும் காட்சியை நிதானமாகப் பார்க்க வேண்டும். 1751 தொடக்கத்தில் டியூப்ளே, தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டையைச் சுற்றியுள்ள வயல்களில் சிறு சிறு வெள்ளைக் கொடிகளை நடச் சொன்னார். வெள்ளை அன்றைய பிரெஞ்சு அரசரின் கொடி நிறம். சில கொடிகள் ஆங்கிலேயர் எல்லைக்குள்ளேயே நடப்பட்டன. இந்த அவமதிப்பே ஆங்கிலேயரைப் போருக்கு எழுப்பியது என்கிறார் ஓர்ம்.

அவமதிப்பு இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் கொடிகள் நின்றது கோட்டை மதிலில் அல்ல, விளைநிலத்தில். அந்த நிலத்தின் எல்லைக்கே ஒரு வரலாறு உண்டு. 1690-ல் ஆங்கிலேயக் கம்பெனி செஞ்சி மராத்தியரிடம் இக்கோட்டையை வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு விழுந்த தூரம் வரை உள்ள ஊர்கள் எல்லாம் அதனோடு சேர்ந்தன. குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயர் இன்றும் அதற்குச் சாட்சி. 1749-ல் ஆம்பூர்ப் போருக்குப் பின், ஆர்க்காட்டு நவாபு பட்டத்தைக் கோரிய சந்தா சாகிபு பிரெஞ்சுக்காரருக்கு 81 கிராமங்களைக் கொடுத்தார். வில்லியனூர், பாகூர் பக்கத்து ஊர்கள் அவற்றில் அடங்கும். பாகூருக்கும் தேவனாம்பட்டினத்துக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்பதைக் கடலூர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அறுபது ஆண்டுக்கு முன் குண்டு போட்டு அளந்த எல்லையில் இப்போது கொடி நட்டு அளந்தார்கள். கேள்வி ஒன்றேதான்: இந்த வயல்களின் தீர்வை யாருக்கு?

ஓர்ம் இதை அறியாதவர் அல்லர். ஆனால் அதை அவமதிப்பு என்ற தலைப்பில் போட்டு மூடிவிட்டதால், அடுத்து எழ வேண்டிய கேள்வி எழாமலே போனது. எல்லைக்குள் கொடி நட்ட பகைவன் சுமார் 20 கிலோமீட்டரில் புதுச்சேரியில் இருக்கிறான். ஆங்கிலேயர் ஏன் புதுச்சேரிமேல் படை நடத்தவில்லை? ஏன் வேறு திசையில், மேற்கே 60 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஒரு சிவன் கோயிலை நோக்கிப் புறப்பட்டார்கள்?

ஐரோப்பாவில் சமாதானம்

விடை ஐரோப்பாவில் இருக்கிறது. 1748-ல் ஆக்ஸ்-லா-ஷப்பேல் உடன்படிக்கையால் இங்கிலாந்தும் பிரான்சும் போரை முடித்துக்கொண்டன. 1746-ல் பிரெஞ்சுக்காரர் பிடித்த சென்னை 1749-ல் திரும்பியது. ஆகவே 1751-ல் இவ்விரு நாடுகளும் சட்டப்படி நண்பர்கள். ஒரு கம்பெனி மற்றதன் கோட்டையைத் தாக்கினால், அது லண்டனுக்கும் பாரிசுக்கும் இடையே போரைக் கொண்டுவரும். இரு தலைநகரங்களும் அதை விரும்பவில்லை. பங்குதாரர்கள் கேட்டது ஆதாயம், போர்ச்செலவு அல்ல. எனவே பிரெஞ்சுக்காரர் சந்தா சாகிபின் துணைப்படை என்றும், ஆங்கிலேயர் அவரோடு நவாபு பட்டத்துக்குப் போட்டியிட்ட முகமது அலியின் துணைப்படை என்றும் பெயர் சூட்டிக்கொண்டனர். மோத வேண்டும், ஆனால் ஒருவர் கொடி பறக்கும் மதிலை மற்றவர் தொடக்கூடாது. அப்படியானால் மோதுவதற்கு நவாபுக்குச் சொந்தமான மதில்கள் தேவை. ஆர்க்காட்டுச் சீமையில் அத்தகைய மதில்களில் பல கோயில் மதில்கள். 1750-ல் திருவதிகைக் கோயிலைப் பிரெஞ்சுக்காரர் பிடித்ததும் இந்த வகைதான்.

1751 ஏப்ரல் தொடக்கத்தில் கேப்டன் ஜிஞ்ஜன் தலைமையில் 500 ஐரோப்பியர், 100 காப்பிரிகள் (ஆப்பிரிக்க வீரர்), 1000 சிப்பாய்கள், 8 பீரங்கிகள் கொண்ட படை செயின்ட் டேவிட் கோட்டையிலிருந்து கிளம்பியது. முதல் இலக்கு விருத்தாசலம். பழமலைநாதர் கோயிலின் வலுவான வெளிமதிலுக்குள் சந்தா சாகிபின் ஆட்கள் சுமார் 300 பேர் காவல் இருந்தனர். அதிகம் போராடாமல் சரணடைந்தனர். கடற்கரையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் பெருவழியில் இக்கோயில் இருந்ததே காரணம் என்கிறார் ஓர்ம். அது உண்மை. இன்று இந்த ஊரின் ரயில் சந்திப்பில் கடலூர், விழுப்புரம், சேலம், திருச்சி என நான்கு திசைப் பாதைகளும் கூடுகின்றன. இடத்தின் மதிப்பு அப்போதும் அதுவே. ஆனால் பெருவழி என்பது இந்த மதில் ஏன் பயன்பட்டது என்பதைத்தான் விளக்கும். சண்டை ஏன் உள்நாட்டுக்கு வந்தது என்பதை விளக்காது. அதை விளக்குவது 1748-ன் உடன்படிக்கை.

கில்லேதாரின் கணக்கு

மூன்றாம் தரப்பார் மதிலில் சண்டை என்றால், மூன்றாம் தரப்பாருக்கு விலை ஏறும். இதற்கு ஓர்மே சான்று தருகிறார். விருத்தாசலத்தை விட்டு நகர்ந்த ஆங்கிலேயப் படை வாலிகண்டபுரத்தில் நின்றது. ரஞ்சன்குடியின் பாறைக்கோட்டையே அங்கு பேச்சு. அதன் கில்லேதாரிடம், அதாவது கோட்டைத் தலைவரிடம், இரு தரப்பும் தூது விட்டன. அவர் இருவருக்கும் பிடிகொடுக்காமல் ஏறத்தாழ இரண்டு வாரம் இழுத்தடித்தார். பொறுமை இழந்த ஜிஞ்ஜன் பேட்டையைத் தாக்கித் தீவைக்க, கில்லேதார் சந்தா சாகிபு பக்கம் சாய்ந்தார். மறுநாள் சண்டையில் ஆங்கிலேய ஐரோப்பியர் சிதறி ஓடினர். காப்பிரிகள் நின்று, விழுந்தவர்களைத் தூக்கிக்கொண்டு வந்தனர். முகமது அலியின் தம்பி அப்துல் வகாப் ஓடியவர்களை முகத்துக்கு நேரே இடித்துரைத்தார்.

ஓர்ம் இதில் காண்பது பீதியை. அதிகாரிகள் கூடிக்கூடிப் பேசி நேரத்தைத் தொலைத்தார்கள் என்பது அவர் குறை. ஆனால் அந்த இரண்டு வாரமும் களத்தின் கடிவாளம் யார் கையில் இருந்தது? ஜிஞ்ஜன் கையிலும் இல்லை, பிரெஞ்சுத் தளபதி தோத்தேய் கையிலும் இல்லை. எந்த மதிலின் உரிமையை இரு கம்பெனிகளும் மதித்தாக வேண்டியிருந்ததோ, அந்த மதிலின் கில்லேதார் கையில் இருந்தது. தயக்கம் அதிகாரிகளின் குணத்திலிருந்து வந்தது என்பதைவிட, போரின் அமைப்பிலிருந்து வந்தது என்பதே பொருத்தம்.

ஆடி மாதத்துப் பாளையக்காரர்

இனிச் சான்று மெலிந்த இடத்துக்கு வருகிறோம். ஜூலை நடுவில் திருச்சிக்குப் பெரிய தளவாட வண்டித் தொடர் ஒன்றைக் கம்பெனி அனுப்பியது. காவலுக்கு 80 ஐரோப்பியர், 300 சிப்பாய்கள். அப்போது கொள்ளிடத்துக்கு வடக்கே முகமது அலியை ஏற்றுக்கொண்ட கோட்டை விருத்தாசலம் ஒன்றுதான் என்கிறார் ஓர்ம். அதையும் அக்கம்பக்கத்துப் பாளையக்காரர் ஒருவரின் ஆட்கள் முற்றுகையிட்டிருந்தனர். சபை உறுப்பினர் ஜார்ஜ் பிகட் உடன் சென்றார், கிளைவும் சென்றார். முற்றுகையை விரட்டினர். படை தஞ்சாவூர்ச் சீமை வழியே திருச்சி சென்றது. பிகட்டும் கிளைவும் 12 சிப்பாய்களோடும் வேலையாட்களோடும் திரும்பும்போது பாளையக்காரரின் துப்பாக்கிக்காரர்கள் சூழ்ந்துகொண்டனர். சிப்பாய்களில் 7 பேர் மாண்டனர். மருந்து தீர்ந்தது. மீதிப்பேரைச் சிதறி ஓடச் சொல்லிவிட்டு இருவரும் குதிரை வேகத்தால் பிழைத்தனர்.

பிற்காலக் கிளைவ் வாழ்க்கை வரலாறுகளில் பிகட் பின்னுக்குப் போய், கிளைவ் தப்பியது விதியின் அருளாக வளர்ந்தது. அதன் விதையை ஓர்மிலேயே காணலாம். அவர் பாளையக்காரரின் பெயரைச் சொல்லவில்லை, நோக்கத்தைச் சொல்லவில்லை. வழிப்பறி போல எழுதிவிட்டு நகர்கிறார். நான் இதில் வேறொன்றைக் காண்கிறேன். ஏப்ரலில் கோயில் கைமாறியபோது இந்தப் பாளையக்காரர் கிளம்பியதாகச் செய்தி இல்லை. வாலிகண்டபுரத்தில் ஆங்கிலேயர் முதுகு காட்டிய பிறகே கிளம்புகிறார். 380 பேர் வந்ததும் விலகுகிறார். அந்தப் படை போனதும், சபை உறுப்பினர் ஒருவரும் அவருடைய துணையும் தனித்து வருகையில் மறுபடி வருகிறார். இது கொள்ளைக்காரனின் ஆத்திரம் அல்ல. எந்தப் பக்கம் சாய்கிறது தராசு என்று பார்த்துப் பார்த்து அடியெடுத்து வைக்கும் அரசியல். கில்லேதார் பேச்சால் செய்ததை இவர் துப்பாக்கியால் செய்தார்.

இதற்கு எதிராக ஒரு விவரம் உண்டு, அதை மறைப்பது நியாயமாகாது. இருவரையும் பல மைல் விரட்டியது ஒரு குதிரைப்படைக் கூட்டம் என்கிறார் ஓர்ம். இப்பகுதிப் பாளையக்காரரின் பலம் பொதுவாகக் காலாட்கள்தாம். அக்குதிரைகள் சந்தா சாகிபுடையவை என்றால், பாளையக்காரர் தாமே முடிவெடுத்தார் என்ற என் வாதம் பாதி தளரும். ஆனாலும் முழுதும் விழாது: சந்தா சாகிபின் ஆளாகவே வந்திருந்தாலும், எப்போது வருவது என்பதை அவர்தாம் தேர்ந்தார் என்றே நிகழ்ச்சிகளின் வரிசை காட்டுகிறது.

அந்த வரிசை உறுதி, இடைவெளிதான் உறுதியில்லை. ஓர்ம் நாள் குறிக்காமல் ஜூலை நடு என்று மட்டும் சொல்கிறார். பிரிட்டன் கிரிகோரியன் நாள்காட்டிக்கு மாறியது 1752 செப்டம்பரில்தான். அதற்கு முந்தைய ஆங்கிலேயத் தேதிகளுக்கும் பிரெஞ்சுத் தேதிகளுக்கும் 11 நாள் வேறுபாடு. ஆர்க்காட்டுக் கோட்டைக்குள் கிளைவ் நுழைந்த நாள் ஒரு நூலில் ஆகஸ்ட் 31 என்றும் இன்னொன்றில் செப்டம்பர் 11 என்றும் இருப்பது இதனால்தான். ஓர்ம் பழைய முறையையே கொண்டிருந்தால் விருத்தாசலத்து மீட்பு, பிரஜோற்பத்தி ஆண்டு ஆடி மாத நடுவில் வரும்; இல்லையென்றால் ஆடி முதல் நாட்களில். டியூப்ளேயின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்போடு ஓர்மை வைத்துப் படிப்பவர்கள் இந்த 11 நாளைக் கவனிக்காமல், வாலிகண்டபுரத்திலிருந்து விருத்தாசலத்துக்கு எத்தனை நாளில் செய்தி எட்டியது என்று கணக்கிட்டால் தவறும். நான் அந்தக் கணக்கைப் போடவில்லை.

எதிர்ச்சோதனை

என் வாதம் சரியானால், ஐரோப்பாவில் சமாதானம் முறிந்ததும் சண்டை கடற்கரைக்குத் திரும்ப வேண்டும். 1756-ல் ஏழாண்டுப் போர் தொடங்கியது. 1758 ஜூன் 2-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்தார். அந்த டிசம்பரில் சென்னையை முற்றுகையிட்டார். 1761 ஜனவரி 16-ல் புதுச்சேரி வீழ்ந்தது. 1751-ல் ஒரு கொடிக்கம்பத்தைக்கூடத் தொடத் தயங்கியவர்கள், ஏழே ஆண்டில் ஒருவர் தலைவாசலை மற்றவர் இடித்தார்கள். உள்நாட்டுச் சண்டை அதனால் நின்றுவிடவில்லை. 1760 ஜனவரியில் நடந்த வந்தவாசிப் போரே அதற்குச் சான்று. 1781-ல் ஐதர் அலியின் ஆட்கள் காத்த சிதம்பரம் கோயில் மதிலில் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் அடிவாங்கித் திரும்பியதை ஐரோப்பிய சமாதானத்தால் விளக்க முடியாது. எனவே இந்த வாதத்தை 1749 முதல் 1754 வரையிலான ஆண்டுகளுக்கு மட்டுமே பொருத்துகிறேன்.

அந்த ஆண்டுகளுக்கு இது பொருந்தும் என்பதற்கு வலுவான சான்று, அவை முடிந்த விதம். பணமே முதலில் தீர்ந்தது. சுந்தரர் மணிமுத்தாற்றில் இட்ட பொன்னைத் திருவாரூர்க் கமலாலயத்தில் எடுத்தார் என்பது விருத்தாசலத்து ஐதீகம்; கம்பெனிகளும் இந்த ஆற்றங்கரையில் கொட்டிய பணத்தை நவாபுகளின் தீர்வைப் பாக்கியில் தேடின. சுந்தரருக்குக் கிடைத்தது, அவர்களுக்கு அத்தனை எளிதில் கிடைக்கவில்லை. 1753-ல் இரு கம்பெனிகளும் லண்டனில் பேச உட்கார்ந்தன. 1754-ல் டியூப்ளே திருப்பி அழைக்கப்பட்டார். அவருக்குப் பின் வந்த கொதே, ஆங்கிலேயக் கவர்னர் சாண்டர்சோடு செய்த தற்காலிக உடன்படிக்கையின் முதல் அக்கறை, இரு கம்பெனிகளும் நாட்டு மன்னர்களின் பட்டங்களைத் துறப்பது, அவர்களுடைய சண்டைகளில் தலையிடாதிருப்பது. நோய் எது என்று அதை எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது: பிறர் பெயரில் நடத்திய போர். அவமதிப்பும் கோழைத்தனமும் அந்த உடன்படிக்கையின் விஷயமே அல்ல.

ஆகவே ஓர்மைத் தள்ள வேண்டியதில்லை. தலைகீழாக வாசிக்க வேண்டும். அவர் கதையில் ஓரமாக நிற்கும் கில்லேதாரும் பெயரில்லாப் பாளையக்காரரும் நடுவுக்கு வர வேண்டும். அந்தப் பாளையக்காரர் யார் என்பது பாளையப்பட்டு வம்சாவளிகளிலும் ஆர்க்காட்டுச் சீமைத் தீர்வைக் கணக்குகளிலும் தேட வேண்டிய செய்தி. பெயர் கிடைத்து, அவர் 1751-க்கு முன்னும் பின்னும் யாருக்குக் கப்பம் கட்டினார் என்பதும் தெரிந்தால், குதிரைகள் யாருடையவை என்ற ஐயமும் அதோடு தீரக்கூடும்.