ஒற்றைத் தலைவலிக்கான இயற்கை மருத்துவ முறைகள்: பிரம்மதேசம் வட்டாரம்

ஒற்றைத் தலைவலி, திரும்பத் திரும்ப வந்து போகும் ஒரு நரம்பு நோய். பெரும்பாலும் தலையின் ஒரு பக்கத்தில் விண்விண்ணென்று தெறிக்கும். படியேறினாலும் குனிந்தாலும் கூடும். குமட்டல் வரும், வெளிச்சமும் சத்தமும் பொறுக்காது. மருந்தில்லாமல் விட்டால் ஒரு முறை வந்த வலி 4 மணி நேரம் முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும். சிலருக்கு வலிக்கு முன்பே கண்ணில் மின்னல் கோடுகள் தெரியும். முக்கிளை நரம்பின் முனைகளில் சுரக்கும் சில வேதிப்பொருள்கள் மூளை உறையின் இரத்தக் குழாய்களைச் சுற்றி வலியை மூட்டுகின்றன என்பது இன்றைய மருத்துவத்தின் விளக்கம். சித்த மருத்துவம் இதைப் பித்தமும் வாதமும் கெடுவதன் விளைவாகத் தலைநோய்களில் வைக்கிறது. ஆயுர்வேதத்தில் இதன் பெயர் அர்த்தாவபேதகம்.

விழுப்புரம் மாவட்டத்தில் பிரம்மதேசம் என்று ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்கள் உண்டு. எண்ணாயிரத்துக்கு அருகில் சோழர் காலக் கோயில்களுடன் இருப்பது ஒன்று. திண்டிவனத்துக்கும் மரக்காணத்துக்கும் இடைப்பட்டது இன்னொன்று. இங்கே பேசப்படுவது இரண்டாவது ஊரைச் சூழ்ந்த வட்டாரம். மல்லாட்டை (நிலக்கடலை) கொல்லை, நெல் வயல், சவுக்குத் தோப்பு, கிழக்கே மரக்காணத்து உப்பளம் என்று வெயிலில் நின்று செய்யும் வேலையே இங்கு மிகுதி. உப்புப் பாத்தியின் கண்கூச்சம், காலையில் ஒரு வாய் கஞ்சியும் குடிக்காமல் களத்துக்கு இறங்குவது, போதிய தண்ணீர் குடிக்காதது, இரவுத் தூக்கம் கெடுவது எல்லாமே ஒற்றைத் தலைவலியைத் தூண்டக்கூடியவை. இந்த வட்டாரத்துக்கென்று தனிக் கணக்கைத் தேட வேண்டியதில்லை. பெங்களூரையும் அதைச் சுற்றிய சிற்றூர்களையும் வைத்து நடத்தி 2015இல் வெளியான ஆய்வில், 18 முதல் 65 வயது வரையுள்ளவர்களில் 25.2 விழுக்காட்டினருக்கு ஓராண்டுக்குள் ஒற்றைத் தலைவலி வந்திருந்தது. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம்.

நீர்க்கோவையும் ஒற்றைத் தலைவலியும்

வட தமிழகத்து வீடுகளில் தலைவலி மருந்து என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி நீர்க்கோவைக்கு, அதாவது சளி கோத்துத் தலை கனப்பதற்கு உரியது. நெற்றியில் போடும் பற்று, ஆவி பிடிக்கும் வேது, மூக்கில் விடும் நசியம் மூன்றும் நீரை வற்றச் செய்யும் நோக்கில் வந்தவை. இவை ஒற்றைத் தலைவலிக்கும் இடம் மாறியதற்குக் காரணம் உண்டு. ஒற்றைத் தலைவலியிலும் மூக்கு ஒழுகும், கண் கலங்கும், புருவத்துக்கு மேல் கனக்கும். தங்களுக்கு இருப்பது சைனஸ் தலைவலி என்று நம்பிய 2,991 பேரை அமெரிக்காவில் சோதித்து 2004இல் வெளியிட்ட ஆய்வில், 88 விழுக்காட்டினருக்கு இருந்தவை ஒற்றைத் தலைவலியின் குறிகளே. படித்தவர்கள் சைனஸ் என்பதும் பாட்டிகள் நீர் கோத்துக்கொண்டது என்பதும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகின்றன. கைமருந்து கேட்கவில்லை என்று அலுத்துக்கொள்பவர் பலர், வேறு நோயின் மருந்தைத்தான் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

வெளிப்பூச்சு

சுக்கை வெந்நீர் விட்டு அம்மியில் இழைத்து நெற்றியில் பற்றுப் போடுவது எங்கும் உள்ள வழக்கம். சித்த மருத்துவர்கள் தரும் நீர்க்கோவை மாத்திரையும் விழுங்குவதற்கல்ல, இழைத்துப் பூசுவதற்கே. கிராம்பும் மிளகும் சேர்ப்பவர்கள் உண்டு. பற்றின் எரிச்சல் தோல் நரம்புகளை வேறு வேலையில் ஈடுபடுத்தி வலியைச் சற்று மறக்கச் செய்யும். காயும்வரை இருட்டறையில் அசையாமல் படுத்திருப்பது அதைவிடப் பெரிய மருந்து என்றும் சொல்லலாம்.

பல வீடுகளில் இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது தைலப் புட்டி. காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893இல் பம்பாயில் தொடங்கிய அமிர்தாஞ்சன் 1936இல் சென்னைக்கு வந்தது. அதன் மஞ்சள் தைலம் தெரியாத தமிழ் வீடு அரிது. இத்தகைய தைலங்களில் குளிர்ச்சி தருவது புதினா உப்பு எனப்படும் மெந்தால். நெற்றியில் தடவும் 10 விழுக்காடு மெந்தால் கரைசல், வெற்றுக் கரைசலைவிட ஒற்றைத் தலைவலியைக் குறைத்ததாக ஈரானில் நடந்த சிறிய ஆய்வொன்று 2010இல் காட்டியது. ஆனால் வலியின்போது மணமே ஆகாது என்பவர்களுக்குத் தைலம் எதிரி.

நொச்சி இந்தப் பக்கத்து வேலிகளிலும் ஓடைக் கரைகளிலும் தானாக வளர்கிறது. இலையைக் கொதிக்கவிட்டு ஆவி பிடிப்பது, உலர்த்தித் தலையணையில் திணித்துப் படுப்பது என இரண்டு வழிகளில் பயன்படுகிறது. மூக்கடைப்புத் தலைவலிக்கு ஆவி சுகம் தரும். ஒற்றைத் தலைவலிக்காரருக்கோ போர்வைக்குள் ஏறும் சூடே வலியைக் கூட்டிவிடலாம்; குளிர்ந்த ஈரத்துணியைக் கழுத்திலும் நெற்றியிலும் வைப்பதுதான் அவர்களில் பலருக்கு ஒத்துப்போகிறது.

தும்பைச் சாற்றை மூக்கில் விடும் நசியம் இவற்றில் கடுமையானது. மருத்துவர் கைப்பட, வடிகட்டிய சாற்றை அளவோடு விடுவது ஒன்று; வயல் நீரில் கழுவிய இலையைக் கசக்கி மூக்கில் பிழிந்துகொள்வது வேறு. பின்னது வேண்டாம்.

எண்ணெய்க் குளியல்

பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி; ஆண்களுக்குப் புதன், சனி என்று நாள் வைத்து எண்ணெய் தேய்ப்பது சூட்டைத் தணித்துத் தலைவலியை அண்டவிடாது என்பது தமிழ் வீடுகளின் உறுதியான நம்பிக்கை. தலைவலிக்கென்றே சித்த மருத்துவத்தில் சுக்குத் தைலம், அரக்குத் தைலம் உண்டு. இதற்கு நேர்மாறான செய்தி மருத்துவமனையிலிருந்து வந்தது. தலைக்குக் குளிப்பதே ஒற்றைத் தலைவலியைத் தூண்டிய 94 இந்திய நோயாளிகளைப் பற்றிய குறிப்பை மும்பை நரம்பியல் மருத்துவர் கே. ரவிசங்கர் 2006இல் வெளியிட்டார். மேலை நாட்டுப் பாடநூல்களின் தூண்டுகோல் பட்டியலில் இடம்பெறாத ஒன்று இது. நீண்ட கூந்தலும் அதை ஈரத்தோடு முடிந்துகொள்ளும் பழக்கமும் உள்ள நாட்டில்தான் கண்ணில் பட்டிருக்கிறது.

இரண்டும் ஒன்றையொன்று பொய்யாக்கிவிடவில்லை. எண்ணெய் தேய்த்த நாளில் வெயிலில் அலையாதே, பகலில் தூங்காதே, தலையை நன்றாகத் துவட்டு, சாம்பிராணிப் புகையில் உலர்த்து என்று வீட்டுப் பெரியவர்கள் சேர்த்துச் சொன்ன விதிகளைக் கழித்துவிட்டு எண்ணெயை மட்டும் வைத்துக்கொண்டால் பலன் எப்படியும் போகலாம். தலைக்குக் குளித்த நாளில் வலி வருகிறதா என்பதை நாட்காட்டியில் சில மாதம் குறித்துப் பார்ப்பவருக்குத் தன் உடம்பின் போக்கு தெரிந்துவிடும்.

உள்ளுக்கு

வீட்டு உள்மருந்துகளில் ஆய்வுத் துணை ஓரளவு உள்ளது இஞ்சிக்கே. 100 பேரைக் கொண்டு ஈரானில் நடந்து 2014இல் வெளியான ஒப்பீட்டில், 250 மில்லிகிராம் சுக்குத் தூள், ஒற்றைத் தலைவலிக்கான சுமாட்ரிப்டான் 50 மில்லிகிராம் மாத்திரைக்கு இணையாக இரண்டு மணி நேரத்தில் வலியைக் குறைத்தது. வலி வராமல் தடுக்கத் தினமும் இஞ்சி கொடுத்துப் பார்த்த பிரேசில் ஆய்வில் வெற்று மாத்திரையைவிட மேலான பலன் இல்லை. ஆகவே சுக்கு வந்த வலிக்கு, அதுவும் வலி தொடங்கும்போதே. நேரம் முக்கியமாவதற்குக் காரணம், ஒற்றைத் தலைவலி முற்றினால் இரைப்பையின் இயக்கமே மந்தமாகிவிடும். அதன் பிறகு குடிக்கும் சுக்குக் காப்பி வாந்தியாக வெளியேறும். காப்பியிலுள்ள கஃபீன் வலிநிவாரணிக்குத் துணை செய்யும், ஆனால் தினமும் பல முறை குடிப்பவர் ஒரு வேளை தவறவிட்டால் அதுவே தலைவலியாகும்.

மகனீசியமும் வைட்டமின் பி2வும் மேலை நாடுகளில் தடுப்பு மருந்தாகச் சோதிக்கப்பட்டவை. தினம் 400 மில்லிகிராம் பி2 கொடுத்துப் பெல்ஜியத்தில் 55 பேரிடம் செய்த 1998ஆம் ஆண்டு ஆய்வில் மூன்று மாதத்தில் பலன் தெரிந்தது. இந்த அளவு கீரையிலும் பாலிலும் கிடைக்காது. இயற்கை என்றால் கேடில்லை என்பவர்கள் பட்டர்பர் என்ற ஐரோப்பியச் செடியின் கதையை அறிய வேண்டும். 2012இல் அமெரிக்க நரம்பியல் கழகம் அதை முதல்தரச் சான்றுடன் பரிந்துரைத்தது. கல்லீரலைக் கெடுக்கும் என்ற அச்சத்தால் 2015இல் அந்தப் பரிந்துரை கைவிடப்பட்டது.

மருத்துவ மரபும் இன்றைய ஏற்பாடும்

தைலமும் நெய்யும் கொண்டு மருத்துவம் செய்யும் வழக்கம் இந்தத் தொண்டை நாட்டுப் பகுதியில் கல்வெட்டிலேயே உண்டு. திருமுக்கூடலில் உள்ள வீரராசேந்திர சோழன் (ஆட்சி 1063–1070) காலத்துக் கல்வெட்டு 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையைப் பற்றிச் சொல்கிறது. மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டு வருவோர், பணிப்பெண்கள், இருப்பில் வைக்க வேண்டிய தைலங்கள் எல்லாம் அதில் வரிசைப்படுகின்றன. நம் காலத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலவற்றிலும் அரசு மருத்துவமனைகளிலும் சித்த மருத்துவப் பிரிவு இயங்குகிறது. தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005இல் திறக்கப்பட்டது. ஆரோவில்லில் 1973இல் உருவாகத் தொடங்கிய பிச்சாண்டிக்குளம் காடு இப்பகுதியின் மூலிகைகளைக் காத்து வருகிறது. கழுவெளி ஏரியை ஒட்டிய நடுக்குப்பத்திலும் அதன் பணி உண்டு.

மருந்தில்லா முறைகளில் யோகத்துக்கே வலுவான இந்தியச் சான்று உள்ளது. தில்லி எய்ம்ஸ் நடத்தி 2020இல் வெளியிட்ட ஆய்வில் 114 பேர் மூன்று மாதத்தை முடித்தனர். மருந்தோடு யோகமும் செய்தவர்களுக்கு மாதம் 9.1 ஆக இருந்த தலைவலி 4.7 ஆகவும், மருந்து மட்டும் எடுத்தவர்களுக்கு 7.7 இலிருந்து 6.8 ஆகவும் குறைந்தது. மருந்தைக் கைவிட்டு யோகம் செய்தவர்கள் அந்த ஆய்வில் இல்லை என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை. வேளை தவறாத சாப்பாடு, ஒரே நேரத்துத் தூக்கம், வெயிலில் தலைக்கு முண்டாசு, கையில் தண்ணீர் ஆகியவற்றுக்குச் செலவும் இல்லை, பக்க விளைவும் இல்லை. கூலி வேலையில் முதல் இரண்டும் எளிதல்ல.

எச்சரிக்கை

வலிநிவாரணி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ விழுங்கினால் மாத்திரையே தலைவலியை உண்டாக்கும்; கூட்டு மாத்திரைகளுக்கும் சுமாட்ரிப்டான் போன்ற டிரிப்டான்களுக்கும் இந்த வரம்பு 10 நாள். உலோகம் சேர்ந்த பற்பம், செந்தூரங்களைப் பதிவு பெற்ற சித்த மருத்துவரிடமன்றி வாங்கக் கூடாது. கர்ப்பிணிகள் எந்தக் கைமருந்தையும் கேட்டுவிட்டே எடுக்க வேண்டும். இடி விழுந்ததுபோல் நொடியில் உச்சத்துக்குப் போகும் வலி, காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்த வலி, கை கால் மரத்தல் அல்லது பேச்சுக் குழறல், 50 வயதுக்குப் பின் முதன்முறையாக வரும் தலைவலி ஆகியவற்றுக்குப் பற்றுப் போட்டுக் காத்திருக்கக் கூடாது. இந்த வட்டாரத்தாருக்குத் திண்டிவனம் அரசு மருத்துவமனையும், முண்டியம்பாக்கத்தில் 2010இல் தொடங்கிய அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உள்ளன.