தீக்கு ஒரு கணக்கு, காத்துக்கு ஒரு கணக்கு

எங்க பக்கம் வயசானவங்ககிட்ட பிறந்த வருஷத்தைக் கேட்டா தேதி வராது, புயல்தான் வரும். "52 புயல் அடிச்சப்போ நான் கைக்குழந்தை", "77 புயலுக்கு அடுத்த தையிலதான் எனக்குக் கல்யாணம்" என்பாங்க. 1952 நவம்பர் 30ல் நாகப்பட்டினம் பக்கம் கரையேறியது முதல் புயல். 1977 நவம்பர் 12 விடியக்காலையில் நாகைக்குத் தெற்கே ஏறியது அடுத்தது. எங்க தலைமுறைக்கு 2018 நவம்பர் 16, கஜா. மூணும் ஐப்பசிக் கடைசிக்கும் கார்த்திகைப் பாதிக்கும் நடுவுல வந்தவை.

இந்தப் பதிவு அந்தப் புயல்களைப் பத்தி இல்லை. புயல் போன மறுநாள் கூரையைத் திரும்பப் போட்டது யாரு, யார் காசுல போட்டாங்க என்பதைப் பத்தி. பட்டணத்துல இருக்கற உங்கள்ல பல பேருக்கு ஊர்ல அப்பா அம்மா குடியிருக்கிற ஓட்டு வீடு ஒண்ணு இருக்கும். அதனால இது உங்களுக்கும் ஆகும்.

கீற்றுக் கூரையிலேர்ந்து ஆரம்பிக்கலாம். டெல்டாவுல பழைய குடிசை நாலு பக்கமும் சரிவாக இறங்கும். இறவாணம் தாழ்வா இருக்கும், குனிஞ்சுதான் உள்ளே போகணும். மூங்கில், சவுக்கு, பனங்கை எல்லாத்தையும் கயிறும் நாரும் போட்டுக் கட்டியிருப்பாங்க. ஆணி ரொம்பக் குறைச்சல். குனிஞ்சு நிக்கிற வீட்டுல காத்துக்குப் பிடி கிடைக்கிறது கஷ்டம். பலமா அடிச்சா கீற்று பிச்சுக்கிட்டுப் போகும், கட்டு இளகும், சில சமயம் மொத்தமா சாயும். ஆனா கீழே கிடக்கிற மூங்கில்ல பாதி மறுபடி ஆகும். கீற்று எப்படியும் ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருமுறை மாத்த வேண்டியதுதான். மட்டையை ஊறவச்சு முடைஞ்சா வேலை முடிஞ்சது. கடையில வாங்கற சாமான் கொஞ்சம்தான், மீதி எல்லாம் கை உழைப்பு.

இந்தக் கூரைக்கு நிஜமான எதிரி தீ. சித்திரை வைகாசியில அடுப்புப் பொறி ஒண்ணு பறந்தா அரை மணி நேரத்துல வீடு சாம்பலாயிடும். அப்போ ஊர் என்ன செய்யும்? ஒருத்தர் பத்து மூங்கில் கொடுப்பார், இன்னொருத்தர் ரெண்டு கட்டுக் கீற்று. நாலு பேர் வந்து ஏறி மேய்ஞ்சு கொடுப்பாங்க. சாப்பாடு பக்கத்து வீட்டிலிருந்து வரும். ஒரு வாரத்துல கூரை நிக்கும். இன்சூரன்ஸ் என்கிற வார்த்தை தெரியாத காலத்துலேயே ஊர் செஞ்ச இன்சூரன்ஸ் இது.

ஆனா அதுல ஒரு நிபந்தனை ஒளிஞ்சிருக்கு. எரிஞ்சது ஒரு வீடு, மீதி வீடுகள் நிக்கணும். புயல் அந்த நிபந்தனையை உடைச்சிடும். ஒரே ராத்திரியில எல்லார் கூரையும் போனா யார் யாருக்கு மூங்கில் கொடுக்கிறது?

மொய்யிலேயும் இதே கதைதான். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி, ஆவணியில மொய் விருந்து நடக்கும். நீங்க செய்தியில படிச்சிருப்பீங்க. கறிச்சோறு போட்டு மொய் வாங்கி, அந்தப் பணத்துல வீடு கட்டுவாங்க, போர் போடுவாங்க, கடை வைப்பாங்க. நோட்டுல எழுதி வச்சு, அடுத்தவர் முறை வரும்போது கூட்டித் திருப்பிச் செய்யணும். ஆள் முறை மாறி மாறி வர்ற வரைக்கும் அருமையா ஓடுற ஏற்பாடு. கஜாவுக்கு அடுத்த ஆடியில அது சுருங்கிப் போச்சு. வாங்க வேண்டியவரும் கொடுக்க வேண்டியவரும் ஒரே தென்னையை நம்பினவங்க. தென்னை விழுந்தா ரெண்டு பேர் மடியும் காலி.

இப்போ காப்பீட்டோட வரலாற்றுக்கு வருவோம். வீட்டுக்கான காப்பீடு பிறந்தது நெருப்புல. 1666ல் லண்டன் நாலு நாள் எரிஞ்சது. 13,000 வீடுகளுக்கு மேல போச்சு. அதுக்கப்புறம் 1680 வாக்குல நிக்கோலஸ் பார்பன் என்கிற கட்டடக்காரர் அங்கே தீக் காப்பீட்டு அலுவலகம் திறந்தார். அன்னையிலேர்ந்து காப்பீட்டுக்காரர் ஒரு வீட்டைப் பார்த்தா முதல்ல கேட்டது "இது எவ்வளவு சுலபமா எரியும்?" என்பதுதான். "இது பறக்குமா?" என்று கேட்க ரொம்ப நாள் ஆச்சு. அமெரிக்காவுல 1930கள்ல தான் தீ பாலிசியோட காத்து, ஆலங்கட்டி மாதிரி ஆபத்துகளைச் சேர்த்து ஒட்டுற வழக்கம் பரவுச்சு. எல்லாத்தையும் ஒரே பத்திரத்துல கட்டின வீட்டுக்காரர் பாலிசி 1950ல வந்தது.

நம்ம நாட்டுக்கும் வந்தது அதே தீப் புத்தகம்தான். 1973 ஜனவரி 1 முதல் பொதுக் காப்பீடு முழுக்க அரசு கைக்கு வந்து நாலு கம்பெனிகளாச்சு. அதுல ஒண்ணு சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது. 1988 மே 1ல் மத்திய அரசு ஏழைகளுக்காகக் குடிசைக் காப்பீட்டுத் திட்டம் கொண்டு வந்தது. பிரீமியம் அரசே கட்டும். குடிசை போனா 1,000 ரூபாய், உள்ளே இருந்த சாமானுக்கு 500 ரூபாய். நல்ல திட்டம். ஆனா தீப்பிடிச்சா மட்டும்தான். 77 புயல்ல கூரை இழந்த ஜனம் இருக்கிற ஊருக்கு, பதினோரு வருஷம் கழிச்சு வந்த குடிசைக் காப்பீட்டுல காத்து இல்லை.

2001ல் நடப்புக்கு வந்த அகில இந்திய தீ டாரிஃப்ல காத்தும் வெள்ளமும் பாலிசிக்குள்ளேயே வந்துடுச்சு. ஆனா வேண்டாம்னு எழுதிக் கொடுத்தா அதைக் கழிச்சுட்டு பிரீமியத்தைக் குறைச்சுக்கலாம். பலகை, ஓலை, புல், வைக்கோல், மூங்கில், பிளாஸ்டிக் துணி, தார்ப்பாய் இதுல எதுலயாவது சுவரோ கூரையோ இருந்தா அது "கச்சா" கட்டடம், பிரீமியம் கூடுதல். தீயோட கண்ணால பார்த்தா இது நியாயம்தான், ஓலை எரியும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும் தகர ஷீட்டும் அந்தப் பட்டியல்ல இல்லை. அது எரியாது.

காத்தோட கண்ணால பார்த்தா கணக்கு தலைகீழ். கூரை மேல வேகமா ஓடுற காத்து அதை மேலே உறிஞ்சும், இறவாணத்துக்கு அடியில நுழையற காத்து கீழேருந்து தள்ளும். ரெண்டும் சேர்ந்தா கூரை தூக்கும். ஷீட் லேசு, அகலம் ஜாஸ்தி. நாலு கொக்கி போல்ட்டுல தொங்கிக்கிட்டு இருக்கும். ஒண்ணு கழண்டா மொத்தத் தகடும் கத்தி மாதிரி பறக்கும். கஜா அன்னைக்கு எங்க பக்கம் விடியற வரைக்கும் யாரும் வெளியே தலை காட்டாம இருந்ததுக்கு அந்தப் பறக்கிற தகடுதான் காரணம். ஆஸ்பெஸ்டாஸ் பறக்காட்டியும் ஒரு தென்னை மட்டை விழுந்தா நொறுங்கும். ஓடும் அப்படித்தான். 1865ல் மங்களூர்ல பாசல் மிஷன்காரங்க ஆரம்பிச்ச தொழிற்சாலையிலேர்ந்து பரவின சீமை ஓடு நம்ம நாட்டு ஓட்டைவிட நல்லாப் பூட்டிக்கிட்டு உட்காரும். ஆனா ஓரத்துல நாலு ஓடு கிளம்பிட்டா காத்து உள்ளே நுழைஞ்சிடும், அப்புறம் வரிசையா உரிஞ்சுக்கிட்டே போகும்.

கீற்று போய் ஓடும் ஷீட்டும் வந்தப்போ இன்னொண்ணும் மாறிச்சு. ஊர்க்காரர் வந்து ஏறி மேய்ஞ்சு கொடுக்கிறது நின்னு போச்சு. ஷீட்டை முடைய முடியாது, காசு கொடுத்துக் கடையில வாங்கணும். கூரை போட உழைப்பு போதும் என்கிற காலம் போய், ரொக்கம் வேணும் என்கிற காலம் வந்தது. அந்த ரொக்கத்துக்கு ஏற்பாடு மட்டும் வரலை.

அந்த இடத்துல நின்னது அரசு நிவாரணம். மாநிலப் பேரிடர் நிதிக்கு மத்திய அரசு ஒரு விதிப் பட்டியல் வச்சிருக்கு. கஜா வந்தப்போ இருந்தது 2015ல் போட்ட பட்டியல். சமவெளியில முழுசாப் போன வீட்டுக்கு 95,100 ரூபாய். குடிசைன்னா 4,100 ரூபாய். குறைந்தது 15 சதவீதமாவது சேதமான பக்கா வீட்டுக்கு 5,200, கச்சா வீட்டுக்கு 3,200. அடுத்த பட்டியல் 2022ல் வந்தது. முழுசாப் போன வீட்டுக்கு 1,20,000, குடிசைக்கு 8,000, பாதி சேதமான பக்கா வீட்டுக்கு 6,500, கச்சா வீட்டுக்கு 4,000. மாநில அரசு தன் பங்குக்கு மேலே போட்டுக் கொடுக்கலாம், கொடுத்தும் இருக்கு.

இந்த எண்களைக் கொஞ்சம் நிதானமாப் பாருங்க. புயல்ல பெரும்பாலான வீடுகள் முழுசா விழறதில்லை. சுவர் நிக்கும், மேல ஓடு மட்டும் போகும். அது "பாதி சேதம்". ஓட்டு வீட்டுக் கூரையை மாத்த ஆகிற செலவு எங்கே, 6,500 எங்கே? நிவாரணம் என்பது இழப்பீடு இல்லை, ஆத்திரம் அவசரத்துக்குக் கைகொடுக்கிற காசு. விதியிலேயும் அது உதவிதான். ஆனா ஊர்ல அதைத்தான் இன்சூரன்ஸ் மாதிரி நம்பி உட்கார்ந்திருக்கோம்.

சரி, காசு கொடுத்து இன்சூரன்ஸ் போட்ட நாட்டுல எல்லாம் சரியா நடந்துச்சான்னா, அதுவும் இல்லை. 1992 ஆகஸ்ட் 24ல் ஆண்ட்ரூ புயல் அமெரிக்காவோட ஃபுளோரிடாவுல ஏறுச்சு. கூரையும், சுவர்ல அடிச்சிருந்த பலகையும் பிச்சுக்கிட்டுப் போச்சு. பணம் கொடுக்க முடியாம பத்துக்கும் மேல காப்பீட்டுக் கம்பெனிகள் திவாலாச்சு. காரணம் நம்ம மொய் நோட்டுல பார்த்ததேதான். பிரீமியம் கட்டினவங்க பக்கத்துப் பக்கத்துல இருந்தாங்க, எல்லாருக்கும் ஒரே நாள்ல கொடுக்க வேண்டி வந்தது. தீக்குப் போட்ட கணக்கு காத்துக்குச் சரிப்படலை.

அதுக்கப்புறம் அங்கே ரெண்டு விஷயம் மாறுச்சு. ஒண்ணு கசப்பு. புயல் சேதம்னா முதல் பங்கை வீட்டுக்காரரே ஏத்துக்கணும், அதுவும் காப்பீட்டுத் தொகையில இத்தனை சதவீதம் என்று. ரெண்டாவது நல்ல பாடம். கூரையைக் காத்தோட கண்ணால பார்க்க ஆரம்பிச்சாங்க. கட்டட விதிகளை இறுக்கினாங்க. கூரையைச் சுவரோட இரும்புப் பட்டை போட்டுப் பிணைச்சிருந்தா பிரீமியத்துல தள்ளுபடி. நாலு பக்கமும் சரிவான கூரைன்னா அதுக்கும் தள்ளுபடி. நாலு பக்கச் சரிவு! எங்க தாத்தாக்கள் குடிசைக்கு வச்ச அதே வடிவத்துக்கு ஃபுளோரிடாவுல காசு குறையுது. நம்ம தீப் புத்தகம் அந்தக் குடிசையைக் கச்சான்னு ஒதுக்கி வச்சுது.

நம்ம ஊர்ல 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டுக் கம்பெனியும் "பாரத் கிருஹ ரக்ஷா" என்கிற வீட்டுப் பாலிசியைக் கட்டாயம் விற்கணும். தீ, புயல், வெள்ளம், நிலநடுக்கம் எல்லாம் அதுக்குள்ளேயே இருக்கு. மனையோட விலையைக் கணக்குல எடுக்க மாட்டாங்க, திரும்பக் கட்ட ஆகிற செலவுதான் கணக்கு. வீட்டுத் தொகையில 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரைக்கும் உள்ளே இருக்கிற சாமானுக்குத் தானாவே சேரும். எங்க ஊர்ல டிராக்டருக்கும் பைக்குக்கும் இன்சூரன்ஸ் இருக்கு, போலீஸ் பிடிக்கும் என்கிறதால. வீட்டுக்குப் போட்டவங்களை ஒரு கையில எண்ணிடலாம்.

இதைப் படிக்கிற உங்களுக்கு நான் சொல்றது இதுதான். ஊர்ல இருக்கிற ஓட்டு வீட்டுக்கு இந்த மாதிரி பாலிசி கிடைக்குமான்னு கேளுங்க. விக்கிறவர்கிட்ட மூணு கேள்வி கேளுங்க. கூரை எதுன்னு விண்ணப்பத்துல உள்ளபடி எழுதியாச்சா? சேதத்துல முதல்ல நாம ஏத்துக்க வேண்டிய பங்கு எவ்வளவு? வீடு எத்தனை நாள் பூட்டிக் கிடந்தா பாலிசி செல்லாமப் போகும்? பழைய தீ பாலிசியில அது 30 நாள். பொங்கலுக்கு மட்டும் திறக்கிற வீடுன்னா இந்த மூணாவது கேள்விதான் முக்கியம். பழசாகி உளுத்துப் போன ரீப்பருக்கு எந்தக் கம்பெனியும் காசு தராது. அதனால புரட்டாசிக்குள்ள ஒரு ஆளை ஏத்தி ரீப்பரையும் ஓர ஓட்டையும் பார்க்கச் சொல்லுங்க. நாலு பக்கமும் போட்டோ எடுத்து வச்சுக்குங்க. ஷீட் வீடுன்னா போல்ட்டை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்க. கூரையைத் தொட்டுக்கிட்டு நிக்கிற தென்னை மட்டையைக் கழிச்சு விடச் சொல்லுங்க.

கீற்றுக் குடிசையில இருக்கிறவங்களுக்கு இந்தக் கடைசி ரெண்டு பத்தியும் உதவாது. அவங்க பிரீமியத்தை 1988ல் கட்டின மாதிரி அரசுதான் கட்டணும். அதுல இந்தத் தடவை காத்தையும் சேர்க்கணும். கிராமசபையில இதை ஒரு தீர்மானமாக் கொண்டு வரலாம்னு எங்க பக்கம் சிலர் பேசிக்கிட்டு இருக்கோம். நடந்தா இங்கேயே எழுதறேன்.